கபிலன் திறந்து பார்க்காத படம்

லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் பூமாலைக் கடைகளுக்கு மேலே இருந்தது கபிலனின் போட்டோ ஸ்டூடியோ. படிக்கட்டுச் சுவர் முழுக்கக் கபிலன்தான். கேமராவோடு கபிலன், கறுப்புக் கண்ணாடியோடு கபிலன், ஏதோ ஒரு கேடயத்துக்கு முத்தம் கொடுக்கும் கபிலன்.

"அக்கா, இவர் படம் எடுக்கறவரா, படத்துக்கு நிக்கறவரா?" என்றான் தனசேகரன்.

"போய்ப் பார்த்தா தெரியும். ஏறு."

ருக்ஸானா காப்புறுதி நிறுவனத்தில் பல வருடம் இருந்தவள். கடையைத் தாங்களே கொளுத்திவிட்டுத் தலையில் கை வைத்த முதலாளிகளையும், நன்றாக நடந்துகொண்டே நொண்டிய நோயாளிகளையும் பிடித்துக் கொடுப்பது அவள் வேலையாக இருந்தது. அலுத்துப்போய் வெளியே வந்து, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சின்னத் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தாள். தனசேகரன் அவளுடைய ஒரே உதவியாள். முன்பு கணினி பழுது பார்த்தவன். கையும் ஓடும், வாயும் ஓடும். வாய் கொஞ்சம் முன்னால் ஓடும்.

கபிலன் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

கல்யாண மண்டபத்தின் ஓரம். பட்டு வேட்டி கட்டிய ஒரு மனிதர், ஐம்பது தாண்டியவர், தூணோடு ஒதுங்கி நிற்கிறார். இரண்டு கையிலும் ஒரு ஜோடி மணப்பெண் செருப்பு. அதைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுகிறார். கல்யாணக் கூட்டம் எதுவும் படத்தில் இல்லை. அவரும் தூணும் செருப்பும் மட்டும்.

ருக்ஸானாவால் கொஞ்ச நேரம் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தபோது பக்கத்தில் கபிலன் நின்று தன் திறமையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஒரு கலைச் சங்கம் நடத்திய 'தீவின் முகங்கள்' போட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. தனிக் கண்காட்சி வைத்துத் தருவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை விழாவுக்குள் கேமராவில் பதிவான அசல் ரா ஃபைலைக் காட்ட வேண்டும் என்பது விதி. ரா ஃபைல்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். எடுத்தது யார் என்பது கபிலனுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போன வர்ஷா. போலீஸில் புகார் கொடுத்தாகிவிட்டது. போலீஸ் அவர்கள் வேகத்தில்தான் வருவார்கள். அவருக்கு அவசரம்.

"அந்தப் பொண்ணு இங்க என்ன வேலை பார்த்துச்சு?" என்று ருக்ஸானா கேட்டாள்.

"பட்டன் அமுக்கும், பை தூக்கும், கம்ப்யூட்டர்ல உக்காரும். கண்ணுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க மேடம், அது எனக்குத்தான் லா. இந்த மாதிரி ஒரு நொடியைப் பிடிக்கறதுக்கு அந்தப் பொண்ணு இன்னும் பத்து ஜென்மம் எடுக்கணும்."

தனசேகரன் அதற்குள் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டான். சங்கத்துக்கு ஏற்கெனவே ஒரு ஃபைல் அனுப்பியதாகவும், அது திறக்கவில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கபிலன் சொல்லியிருந்தார். அந்த ஃபைலைத் தேடி எடுத்தான் தனசேகரன். அதன் பெயரின் வாலில் இருந்த எழுத்துகளை மாற்றினான். படம் உடனே திறந்துகொண்டது.

"அக்கா, ரா ஃபைல்னா அரிசி. கேமரா அப்படியே அளந்து கொட்டுனது. அதை ஆக்கி இறக்கினா ஜேபெக், அது சோறு. சோத்தை மறுபடி அரிசியாக்க முடியாது. சார் சோத்துப் பானை மேல 'அரிசி'ன்னு எழுதி ஒட்டி அனுப்பியிருக்கார்."

"டெக்னிக்கல் பிராப்ளம்" என்றார் கபிலன்.

"ஆமா சார். டெக்னிக்கே பிராப்ளம்."

ருக்ஸானா திரையைப் பார்த்தாள். வர்ஷா இருந்த காலத்துக் கோப்புறைகள் தேதி, குடும்பத்தின் பெயர், இடம் என்று வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் தேர்ந்தெடுத்தவை தனி, திருத்தியவை தனி. அவள் போன பிறகு வந்தவற்றின் பெயர்கள்: நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் இரண்டு, ஃபைனல், ஃபைனல் கடைசி, இதுதான் ஃபைனல்.

"இங்க ஒரு மனுஷி இருந்திருக்கா. அப்புறம் பிரளயம் வந்திருக்கு" என்று தனசேகரன் முணுமுணுத்தான். செருப்புப் படத்தில் எந்தக் கேமரா, யாருடையது என்ற குறிப்பு எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்றும் சொன்னான். படத்தின் ஜாதகமே அழிக்கப்பட்டிருந்தது.

அடுக்கி வைப்பதெல்லாம் குமாஸ்தா வேலை, தான் கலைஞன் என்றார் கபிலன்.

அலமாரியில் கல்யாண ஆல்பங்கள் மாதிரிக்கு வைக்கப்பட்டிருந்தன. செருப்புப் படத்தில் இருப்பவர் வீட்டு ஆல்பம் எது என்று ருக்ஸானா கேட்டாள். அது இன்னும் போடவில்லையாம். பெண்ணின் அப்பா தங்கராஜு, பஸ் ஓட்டுபவர், புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறார். எந்தெந்தப் படம் வேண்டும் என்று அந்த ஆள் இன்னும் பொறுக்கிக்கொண்டே இருக்கிறாராம்.

"இவங்களுக்கெல்லாம் ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் வித்தியாசம் தெரியாது மேடம். வருஷக்கணக்கா செலக்ட் பண்ணுவாங்க. நீங்க செங்காங்குக்குப் போங்க. அந்தத் திருடி அங்கதான் இருக்கா."

செங்காங்குக்குப் போனார்கள்.

வர்ஷா கதவைத் திறந்தாள், கம்பிக் கதவைத் திறக்கவில்லை. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ருக்ஸானா நீட்டிய அட்டையை வாங்கிப் படித்தாள்.

"அவர் ஆளா?"

"அவர் வேலை குடுத்திருக்கார். ஆள் நான் யாருக்கும் இல்ல."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை. கம்பிக் கதவு மட்டும் திறந்தது.

கபிலன் அவளைத் திருடி என்று கல்யாணப் புகைப்படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டுவிட்டார். பேசி வைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. போலீஸ் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தது, மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் அவள் யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். டிஸ்க்கைத் தான் தொடவில்லை என்றாள். ஸ்டூடியோவில் ஒரு சட்டம் உண்டாம். மண்டபத்தை விட்டுக் கிளம்புமுன் மெமரி கார்டைக் கபிலனிடம் கொடுத்துவிட வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு படத்திலும் கேமரா விவரத்தை அழித்துவிட வேண்டும். யார் எடுத்திருந்தாலும் கபிலனின் பெயர் மட்டும் மூலையில் வரும்.

"செருப்புப் படம்?" என்றாள் ருக்ஸானா.

"நான் எடுத்தேன்."

"நிரூபிக்க முடியுமா?"

வர்ஷா அவளை நேராகப் பார்த்தாள். "ரா ஃபைல் கிடைச்சா எல்லாம் தெரிஞ்சிடும். போய்க் கண்டுபிடிங்க. அதுதானே உங்க வேலை."

எழுந்திருக்கும்போது ருக்ஸானா ஒன்று மட்டும் கேட்டாள். ஆல்பத்துக்கு வாடிக்கையாளர்கள் படங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ரா ஃபைல்களைத் திறந்து, சின்ன ஜேபெக்காக மாற்றி, தான்தான் லிங்க் அனுப்புவதாக வர்ஷா சொன்னாள். தங்கராஜு வீட்டுக் கல்யாணத்துக்கு அதைச் செய்தாளா? இல்லை. அந்த ஒரு படத்தை மட்டும் திருத்தி முடித்திருந்தாள். அதற்குள் சண்டை வந்து வேலையை விட்டுவிட்டாள்.

செங்காங் நிலையத்து நடைமேடையில் தனசேகரன் கறிபஃப் தின்ன முடியாத சோகத்தில் அதைப் பையில் வைத்துக்கொண்டு நின்றான். நிலையத்திலும் ரயிலிலும் தின்றால் அபராதம்.

"பொய் சொல்ற மாதிரித் தெரியல" என்றான். "ஆனா நம்ம கஸ்டமரும் டிஸ்க் காணோம்னு உண்மையாத்தான் பதறுறாரு. ரெண்டு பேரும் உண்மை சொன்னா நமக்கு எப்படி லா வேலை?"

"தங்கராஜு இன்னும் படம் பொறுக்கிட்டிருக்கார்னு சொன்னார் இல்ல?"

"ஆமா."

"வர்ஷா எதையும் அனுப்பல. ரா ஃபைலைத் திறக்கக் கபிலனுக்குத் தெரியாது. அப்ப அந்த மனுஷன் எதைப் பார்த்துப் பொறுக்கறார்?"

தனசேகரன் கறிபஃப்பை மறந்தான். "டிஸ்க்கையே தூக்கிக் குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டு மறந்தும் போயிட்டார். பஸ் ஓட்டறவர் கையில குடுத்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்குமா? போலீசுக்குப் போனார், வாட்ஸ்அப்புக்குப் போனார், நம்மகிட்ட வந்தார். கஸ்டமருக்கு ஒரு போன் போடல."

லிட்டில் இந்தியாவில் நீல ரயில் பாதைக்கு மாறி, அது முடியும் புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் போனார்கள்.

தங்கராஜுவுக்கு அன்று விடுப்பு. கல்யாணப் படங்களைப் பற்றி வந்திருக்கிறோம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மனைவி சந்தைக்குப் போயிருப்பது நல்லதாகப் போயிற்று என்றார். அவளுக்கும் மகளுக்கும் இது தெரியாது.

ஆல்பம் எப்போது என்று பலமுறை ஸ்டூடியோவுக்கு நடந்தாராம். கடைசி முறை கபிலன் எரிச்சலாகி, மேசையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் கையில் திணித்து, எல்லாம் இதில் இருக்கிறது, வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு வா என்றார். வீட்டில் மாட்டிப் பார்த்தால் ஒரு படமும் திறக்கவில்லை. போன் செய்தார். உன் கம்ப்யூட்டர் மட்டமாக இருந்தால் நான் என்ன செய்வது என்று கபிலன் வைத்துவிட்டார். தெரிந்த பையன் ஒருவன் பார்த்துவிட்டு ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கும் என்றான்.

"என் கவனக்குறைவுல கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன்மா. மகளுக்கு இருக்கறது ஒரே கல்யாணம். ஆல்பம் வருது, வருதுன்னு சொல்லிட்டே இருக்கேன்."

அலமாரியில் தன் பட்டு வேட்டிக்கு அடியிலிருந்து டிஸ்க்கை எடுத்து வந்தார். ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

தனசேகரன் தன் லேப்டாப்பில் அதை மாட்டினான். ரா ஃபைல்களைத் திறக்கும் மென்பொருள் அவனிடம் இருந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள் நிரம்பத் தொடங்கின. மண்டபம், மேடை, மாலை, மாப்பிள்ளை. எல்லாமே மழை நாள் மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தன.

"மங்கிப் போச்சா தம்பி?"

"இல்ல அங்கிள். ரா ஃபைல் முதல்ல இப்படித்தான் இருக்கும். உள்ள எல்லாக் கலரும் பத்திரமா இருக்கு. நாமதான் வெளிய எடுக்கணும்."

மணப்பெண்ணின் படம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை ஏற்றினான், நிறத்தை இழுத்தான். கூறைப் புடவையின் சிவப்பு மெதுவாக எழுந்து வந்தது. தங்கராஜு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

செருப்புப் படம் வந்தது.

"இதை யாரு எடுத்தது?" என்றார் தங்கராஜு. "யாரும் பார்க்கலன்னு நினைச்சேன்."

அவர் அழுததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அவரே சொன்னார். "மகளோட செருப்பு வாசல்ல கிடந்துச்சு. வர்றவங்க போறவங்க மிதிச்சுட்டுப் போனாங்க. ஓரமா வைக்கலாம்னு எடுத்தேன். கையில எடுத்ததும் என்னமோ ஆயிடுச்சு."

அந்தப் படம் பரிசு வாங்கியிருப்பதோ, ஆளுயரத்துக்குச் சுவரில் தொங்குவதோ அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ருக்ஸானா திரையின் பக்கம் குனிந்தாள். ஸ்டூடியோவில் பார்த்த படம் உயரவாக்கில் இருந்தது. இது அகலமாக இருந்தது. தூணுக்கு இடப்பக்கம் இன்னும் நிறைய இடம் இருந்தது. அவள் அந்த இடப்பக்கத்தையே பார்த்தாள். தனசேகரனும் பார்த்தான். அவன் வாய் திறக்குமுன் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

தங்கராஜுவிடம் நடந்ததெல்லாம் சொல்லி, சங்கத்துக்காரர்களிடம் அந்த ஒரு படத்தைக் காட்ட அனுமதி கேட்டாள். அவர் திரையை இன்னொரு முறை பார்த்தார். ஒரு பெண்ணுக்குத் திருட்டுப் பழி என்றால் காட்டுங்கள் என்றார். தனசேகரன் எல்லாப் படங்களையும் பார்க்கக்கூடிய நகலாக மாற்றி அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

வெள்ளிக்கிழமை சங்கத்தின் கூடத்தில் கபிலன் வெள்ளைக் கோட்டில் வந்திருந்தார். டிஸ்க் கிடைத்துவிட்டது என்று ருக்ஸானா போனில் சொன்னதிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்கக்கூட இல்லை. ஊரிலுள்ள கல்யாணப் புகைப்படக்காரர்களை எல்லாம் அவரே கூப்பிட்டிருந்தார். பெரிய திரையில் ரா ஃபைலைத் திறந்து காட்டிவிட்டு, திருட்டைப் பற்றியும் நாலு வார்த்தை பேசப் போகிறாராம்.

ருக்ஸானா அவரைத் தனியே அழைத்துப் போனாள். "முதல்ல நீங்க மட்டும் பாருங்க. அப்புறம் மேடைக்குப் போகலாம்."

"எதுக்கு? என் படம். எனக்குத் தெரியாதா?"

"இந்த ரா ஃபைலை நீங்க என்னைக்காவது திறந்து பார்த்திருக்கீங்களா?"

"அதெல்லாம் பசங்க வேலை மேடம்."

ஒரு முதலாளிக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தாகிவிட்டது என்று ருக்ஸானா முடிவு செய்தாள். தனசேகரனுக்குத் தலையசைத்தாள்.

விளக்குகள் அணைந்தன. திரையில் படம் விரிந்தது, சாம்பல் நிறத்தில், முழு அகலத்தில். வலப்பக்கம் தங்கராஜு, தூண், செருப்பு. இடப்பக்கம் மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவு.

கதவுக்கு அந்தப்புறம் கபிலன் நின்றார். கேமரா முதுகில் தொங்கியது. இடக்கையில் தட்டு. வலக்கையில் ஒரு மெதுவடை, பாதி வாய்க்குள் போயிருந்தது. கண்கள் சுகமாக மூடியிருந்தன.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையில் ஒரு புகைப்படக்காரர் சிரித்தார். அது பரவியது.

"இது... டைமர்" என்றார் கபிலன். "டைமர் வச்சேன்."

"உங்க கேமரா உங்க முதுகுலயே இருக்கு சார்" என்றான் தனசேகரன். "வடைக்கு டைமர் வச்சிருந்தா சரியான நேரம்தான்."

சங்கத்தின் செயலாளர் நிரஞ்சனா சிரிக்கவில்லை. அப்படியானால் இந்தப் படத்தை எடுத்தது யார் என்று மட்டும் கேட்டார். கபிலன் குரலை ஏற்றினார். எடுத்தது யாராக இருந்தால் என்ன, அவள் தன்னிடம் சம்பளம் வாங்கினவள், கேமரா தன்னுடையது, ஸ்டூடியோ தன்னுடையது என்றார். எடுத்தது வர்ஷா என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை.

"நானே எடுத்தேன்னு இவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றாள் ருக்ஸானா. "வர்ஷா டிஸ்க்கைத் திருடிட்டதா போலீசுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. டிஸ்க்கை நீங்கதான் தங்கராஜு கையில திணிச்சிருக்கீங்க. அவர் அதைத் துண்டுல சுத்திப் பத்திரமா வச்சிருந்தார்."

கபிலன் அவளுக்கு மட்டும் கேட்கும்படி பல்லைக் கடித்தார். "நீங்க எனக்கு வேலை பார்க்கறவங்க."

"ஆமா. ஃபைலைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க. எல்லாரும் பார்க்கறபடி திறக்கச் சொன்னீங்க. ரெண்டும் செஞ்சாச்சு."

அன்று மாலைக்குள் கபிலன் போலீஸில் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றார். பொய்ப் புகார் கொடுத்ததற்குத் தனியாக விசாரணை இருக்கும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அவர் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவில்லை. வடை அதற்குள் எல்லாக் குழுவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் ருக்ஸானாவும் தனசேகரனும் செங்காங்குக்குப் போனார்கள். இந்த முறை இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. பரிசைப் பற்றிச் சங்கம் மறுபடி கூடி முடிவெடுக்கும் என்று ருக்ஸானா சொன்னாள். தங்கராஜு சம்மதித்தால்தான் படம் தொங்கும். எடுத்த பெண் நேரில் வந்து கேட்டால் யோசிக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

வர்ஷா எல்லாவற்றையும் கேட்டாள். மற்றப் படங்களெல்லாம் இருக்கின்றனவா, மேடைப் படங்களில் ஒன்றும் போகவில்லையே என்று மட்டும் விசாரித்தாள்.

தனசேகரனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கண்ணாடிக்குப் பின்னால யார் நிக்கறாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியும். இல்ல?"

"படத்தைத் திருத்துனது நான்தானே."

"அன்னைக்கே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க அவர்கிட்ட வேலை வாங்கிட்டு வந்தவங்க. நீங்க போய்ச் சொல்லியிருந்தா, டிஸ்க் எங்க இருக்குன்னு அவருக்கு அன்னைக்கே ஞாபகம் வந்திருக்கும். அப்புறம் அது காலாங் ஆத்துக்குள்ள கிடந்திருக்கும்."

ருக்ஸானாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. "கபிலன் முகம் வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கத்தை வெட்டினியா? அவர் மேல அவ்வளவு மரியாதையா?"

வர்ஷா லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். புக்கிட் பாஞ்சாங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆல்பத்தை முடித்துக் கொடுக்க வேண்டும்.

"மரியாதையெல்லாம் இல்ல அக்கா" என்றாள். "ஓரத்துல குப்பை இருந்தா வெட்டிடுவேன்."